கேட் எழுதியாச்சு: சேர்வதா, மறுபடி எழுதுவதா, தள்ளிப் போடுவதா?

நவம்பர் கடைசியில் கேட் தேர்வு (CAT, மத்திய அரசின் ஐஐஎம் மேலாண்மைக் கல்லூரிகளிலும் வேறு பல கல்லூரிகளிலும் எம்பிஏ சேர எழுதும் நுழைவுத் தேர்வு) முடிந்ததும் எனக்குச் செய்திகள் வர ஆரம்பித்துவிடும். "அக்கா, ரெஸ்பான்ஸ் ஷீட்டை வச்சுக் கணக்குப் போட்டேன், 90 பர்சன்டைல் கிட்ட வரும்போல, என்ன பண்ணலாம்?" "ஒரு பிரைவேட் காலேஜ்ல இப்பவே சீட் தர்றாங்க, 5 நாள்ல பணம் கட்டணுமாம்." "வேலையை விட்டுட்டு ஒரு வருஷம் உட்கார்ந்து படிக்கட்டுமா?" இந்த முறை சாத்தூரிலிருந்து ஒரு பெண் கேட்டது மட்டும் வேறு மாதிரி இருந்தது. "எது நல்ல காலேஜ்னு எல்லாரும் சொல்றாங்கக்கா. எது எங்க வீட்டுக்குத் தாங்கும்னு யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க."

அவளுக்கு நான் போனில் ஒரு மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். நானும் இரண்டு முறை கேட் எழுதியவள். முதல் முறை இன்ஜினியரிங் கடைசி வருடத்தில், அடுத்தது சோழிங்கநல்லூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது. படிப்புக்கு வாங்கிய கடன் போன வருடம்தான் தீர்ந்தது. ஆகவே எம்பிஏ வேண்டாம் என்று பயமுறுத்தவும் மாட்டேன், ஐஐஎம் பெயர் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள் என்றும் சொல்ல மாட்டேன்.

முக்கியமாக ஒன்று. இந்த முடிவின் பெரும்பகுதியை ரிசல்ட் வருவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். சமீப ஆண்டுகளில் டிசம்பர் மூன்றாவது வாரத்தை ஒட்டியே ரிசல்ட் வந்துவிடுகிறது. பர்சன்டைல் (தேர்வு எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேர் நமக்குக் கீழே என்ற எண்) கைக்கு வந்தபின் மாமா, சித்தப்பா, அலுவலகத்து நண்பர் என்று ஆளுக்கொரு கருத்து வரும். எண் அதிகமாக இருந்தால் எவ்வளவு கடனும் சின்னதாகத் தெரியும். குறைவாக இருந்தால் எந்தக் கல்லூரி கூப்பிட்டாலும் போதும் என்றாகிவிடும். அதற்கு முன்னால் உள்ள அமைதியான மூன்று வாரத்தில் யோசிப்பதே நிதானமான யோசனை.

எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, வீட்டுக்கு எவ்வளவு கடன் தாங்கும். கல்லூரியின் தரவரிசையைப் பார்ப்பதற்கு முன் இதற்கு ஒரு எண் வேண்டும். அப்பா ஓய்வு பெற எத்தனை வருடம் இருக்கிறது, தம்பி தங்கை படிப்பு பாக்கி இருக்கிறதா, வீட்டுக் கடன் ஓடுகிறதா, படிப்பு முடிந்தபின் மாதாமாதம் வீட்டுக்கு அனுப்ப வேண்டியது எவ்வளவு. இதையெல்லாம் கழித்தபின் மாதம் எவ்வளவு இஎம்ஐ கட்ட முடியும் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள்.

இரண்டாவது, உங்கள் கணக்கில் மாறக்கூடியது எது, மாறாதது எது. பர்சன்டைல் வாசல் கதவைத்தான் திறக்கும். உள்ளே போனபின் பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மதிப்பெண்கள், வேலை அனுபவம், நேர்முகம் எல்லாம் சேர்ந்துதான் இடம் முடிவாகிறது. பல ஐஐஎம்கள் பெண்களுக்கும் இன்ஜினியரிங் அல்லாத படிப்புக்காரர்களுக்கும் சில புள்ளிகள் கூடுதலாகத் தருகின்றன. பத்தாவது மதிப்பெண்ணை இனி மாற்ற முடியாது. வேலை அனுபவத்தையும் பர்சன்டைலையும் மாற்றலாம். உங்கள் பலவீனம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் மறுபடி எழுதுவதில் அர்த்தமில்லை.

மூன்றாவது, இப்போது இருக்கும் வேலை. இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருந்தால் எங்கே இருப்பீர்கள்? கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா, இல்லை தினமும் அதே மாதிரிப் புகார் டிக்கெட்டை மூடிக்கொண்டிருக்கிறீர்களா?

நான்காவது, எம்பிஏவுக்குப் பின் என்ன வேலை வேண்டும் என்பது. கன்சல்டிங் (நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலை), முதலீட்டு வங்கி என்றால் அந்த நிறுவனங்கள் ஒருசில கல்லூரிகளுக்கு மட்டும்தான் ஆள் எடுக்க வரும். விற்பனை, ஹெச்ஆர், வங்கி, ஆபரேஷன்ஸ், அப்பாவின் தொழில் என்றால் வாசல்கள் நிறைய. இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாலே பாதிக் குழப்பம் போய்விடும்.

பர்சன்டைல் என்ற எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024-ல் கேட் எழுதியவர்கள் சுமார் 2.93 லட்சம் பேர். 99 பர்சன்டைல் என்றால் உங்களுக்கு முன்னால் ஏறக்குறைய 2,900 பேர் இருக்கிறார்கள். 95 என்றால் 14,600 பேர், 90 என்றால் 29,000 பேர். 90-க்கும் 95-க்கும் நடுவில் மட்டும் பதினாலாயிரம் பேருக்கு மேல் நெருக்கியடித்து நிற்கிறார்கள். ஆனால் மதிப்பெண்ணாகப் பார்த்தால் அந்த இடைவெளி ஒரு மலை கிடையாது. ஒரு கேள்விக்கு 3 மதிப்பெண். நான்கைந்து கேள்விகள் கூடுதலாகச் சரியானாலே அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதியைத் தாண்டிவிடலாம். 90-ல் நிற்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வழி 1: கிடைத்த இடத்தில் இந்த ஆண்டே சேர்வது

பழைய ஐஐஎம்களில் இரண்டு வருடக் கட்டணம் 25 லட்சத்தை ஒட்டி வருகிறது. புதிய ஐஐஎம்களிலும் பெயர்பெற்ற தனியார் கல்லூரிகளிலும் 15 லட்சத்திலிருந்து 20 லட்சத்தைத் தாண்டியும் போகிறது. ஒரு கணக்குக்கு 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம்.

வங்கி 9 சதவீத வட்டிக்குக் கடன் தருகிறது, 10 வருடத்தில் திருப்பிக் கட்ட வேண்டும் என்றால் இஎம்ஐ சுமார் 25,300 ரூபாய். பெரும்பாலானவர்கள் போடும் கணக்கு இதோடு நின்றுவிடும். படிக்கும் இரண்டு வருடமும் அதன்பின் வேலை தேட விடும் ஒரு வருடமும் இஎம்ஐ கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். செமஸ்டருக்கு 5 லட்சமாக வங்கி கட்டினால், மூன்றாம் வருட முடிவில் வட்டி மட்டும் 4 லட்சம் சேர்ந்திருக்கும். அப்போது உங்கள் கடன் 24 லட்சம், இஎம்ஐ 30,000-ஐத் தாண்டும். எனக்கு இது தெரியாது. கடன் கணக்கைத் தொடங்கிய அன்று மேலாளர் கொடுத்த தாளில் எல்லாம் இருந்தது, நான்தான் கடைசிப் பக்கம் வரை படிக்கவில்லை. படிக்கும்போதே மாதாமாதம் வட்டியை மட்டுமாவது கட்ட வீட்டால் முடிந்தால் கட்டிவிடுங்கள்.

இதோடு இழக்கும் சம்பளத்தைக் கூட்டுங்கள். மாதம் 35,000 கைக்கு வாங்குகிறவர் இரண்டு வருடத்தில் விடுவது 8.4 லட்சம். ஆக உண்மையான விலை 20 லட்சம் கிடையாது, வட்டியைச் சேர்க்காமலே 28 லட்சத்துக்கு மேல்.

எதிர்ப்பக்கம் என்ன வரும் என்பதற்குப் பிளேஸ்மெண்ட் அறிக்கையை, அதாவது மாணவர்களுக்குக் கிடைத்த வேலை பற்றிக் கல்லூரி வெளியிடும் அறிக்கையைப் பார்ப்போம். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் உச்சச் சம்பளத்தை விட்டுவிடுங்கள், அது ஒரே ஒரு ஆள். சராசரியையும் நம்ப வேண்டாம், மேலே உள்ள பத்து பேர் அதைத் தூக்கிவிடுவார்கள். மீடியன் (சம்பளங்களை வரிசைப்படுத்தினால் நட்டநடுவில் நிற்பது) எவ்வளவு, வேலைக்குப் பதிந்த மாணவர்கள் எத்தனை பேர், வேலை வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று தேடுங்கள். சிடிசி (நிறுவனம் உங்களுக்கு ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை) 15 லட்சம் என்று போட்டிருந்தால் அதில் சேரும்போது தரும் போனஸ், வேலையைப் பொறுத்த மாறும் தொகை, பிஎஃப் எல்லாம் அடக்கம். மாதம் கைக்கு வருவது பெரும்பாலும் லட்சத்துக்குக் கீழேதான் இருக்கும். மும்பையிலோ குர்கானிலோ வாடகை கொடுத்து, 30,000 இஎம்ஐ கட்டி, வீட்டுக்கு 15,000 அனுப்பினால் என்ன மிஞ்சும் என்று எழுதிப் பாருங்கள். அது கட்டுப்படியானால் தைரியமாகச் சேருங்கள்.

கடன் பற்றி இன்னொரு தகவல். 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் தந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள கல்வி நிறுவனங்களில் சேருகிறவர்கள் சொத்து ஈடும் ஜாமீன்தாரரும் இல்லாமல் கடன் பெறலாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சம் வரை இருந்தால், 10 லட்சம் வரையான கடனுக்குப் படிக்கும் காலத்தில் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. ஊர்க் கிளையில் "வீட்டுப் பத்திரம் கொண்டு வாங்க" என்றால் உடனே அப்பாவிடம் பத்திரத்தைக் கேட்காதீர்கள். சேரப்போகும் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இந்த வழி யாருக்கு நல்லது? பர்சன்டைலும் பழைய மதிப்பெண்களும் சேர்ந்து, அடுத்த வருடம் எழுதினாலும் இதைவிடப் பெரிய முன்னேற்றம் வராது என்ற நிலையில் இருப்பவருக்கு. இப்போதைய வேலையில் தேங்கிப் போனவருக்கு. மூன்று நான்கு வருட அனுபவம் ஏற்கெனவே சேர்ந்துவிட்டவருக்கு.

ஐஐஎம் என்ற மூன்றெழுத்தில் மயங்கி இரண்டு கதவுகளை நம் பிள்ளைகள் பார்க்காமலே போகிறார்கள். சென்னை ஐஐடியும் திருச்சி என்ஐடியும் கேட் மதிப்பெண்ணை வைத்துத்தான் எம்பிஏவுக்கு எடுக்கின்றன. ஆனால் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், கேட் எழுதினால் தானாக அழைப்பு வராது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மேலாண்மைத் துறையான எஃப்எம்எஸ்ஸும் அப்படித்தான். அங்கே கட்டணம் பெரிய ஐஐஎம்களில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். போட்டி மிகக் கடுமை என்றாலும் 98, 99 எதிர்பார்ப்பவர்கள் விண்ணப்பிக்காமல் விடக்கூடாது.

வழி 2: வேலையில் இருந்துகொண்டே மறுபடி எழுதுவது

நான் போன வழி இது. பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வதும் இதைத்தான். ஆனால் அதன் விலையையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் முறை எனக்கு ஒரு ஐஐஎம்மிலிருந்து நேர்முக அழைப்பு வந்தது. பெங்களூருவில் ஒரு ஹோட்டல் அறை, மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேராசிரியர்கள். என் படிப்பைப் பற்றி இரண்டு கேள்வி. பிறகு மூத்தவர், அப்பா என்ன செய்கிறார் என்றார். விருதுநகரில் வத்தல் மண்டியில் கணக்குப்பிள்ளை என்றேன். அவர் முகம் மலர்ந்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்படியானால் சொல்லுங்கள், விருதுநகர் மார்க்கெட்டில் வத்தல் விலையை யார் முடிவு செய்கிறார்கள்?" எனக்கு ஒரு வரிகூடத் தெரியவில்லை. இருபது வருடம் வத்தல் நெடி வீசும் சட்டையைத் துவைத்துப் போட்ட வீட்டுப் பெண், தேவை, வரத்து என்று பாடப்புத்தக வரி ஒன்றைச் சொன்னேன். அவர் தலையாட்டினார், அவ்வளவுதான். இடம் கிடைக்கவில்லை.

ஊருக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். காலையில் எத்தனை மூட்டை இறங்கியது, குளிர்பதனக் கிடங்கில் பழைய சரக்கு எவ்வளவு இருக்கிறது, குண்டூரில் நேற்று என்ன விலை, ராமநாதபுரத்து முண்டு வத்தல் எப்போது வரும், எந்த வியாபாரிக்கு அவசரம் என்று அரை மணி நேரம் சொன்னார். இரண்டாம் முறை நேர்முகத்தில் நானாகவே அதைப் பேசினேன். அந்த ஒரு வருடத்தில் என் பர்சன்டைல் ஏறியது உண்மை. அதைவிட, எனக்குச் சொல்வதற்கு ஏதோ இருந்தது.

வேலையோடு எழுதுவதில் உள்ள பெரிய லாபம் பலருக்குத் தெரிவதில்லை. பல ஐஐஎம்கள் வேலை அனுபவத்துக்குப் புள்ளி தருகின்றன. ஆகவே பர்சன்டைல் அப்படியே இருந்தாலும், ஒரு வருட அனுபவம் கூடியதால் மட்டுமே மொத்தப் புள்ளி உயரலாம். சம்பளம் வருகிறது. அதில் மாதம் 10,000 ஒதுக்கினால் கடனில் ஒரு லட்சத்துக்கு மேல் குறையும்.

இனி விலை. இரவு எட்டரைக்கு வேலை முடிந்து அறைக்கு வந்தபின் படிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாக் டெஸ்ட்டும் (மாதிரித் தேர்வு) அதை அலசுவதுமாகப் போய்விடும். மாக் எழுத 2 மணி நேரம், எங்கே தப்பினோம் என்று பார்க்க 4 மணி நேரம். அலசாத மாக் எழுதாத மாக்தான். நண்பர்கள் வட்டம் சுருங்கும். வீட்டில் கல்யாணப் பேச்சு எடுப்பார்கள், பெண்களுக்கு இது கூடுதலாகவே வரும். இதை மறைமுகச் செலவு என்று யாரும் எழுதுவதில்லை, ஆனால் எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாகச் செலவானது. "இன்னும் ஒரு வருஷம், 2 வருஷப் படிப்பு, அதுக்கப்புறம்" என்று அம்மாவிடம் ஒரே ஒரு முறை உட்கார்ந்து தெளிவாகப் பேசி, மாதத்தையும் வருடத்தையும் காலண்டரில் காட்டினேன். அதன்பின் பேச்சு குறைந்தது. நழுவிக்கொண்டே இருந்திருந்தால் குறைந்திருக்காது.

மறுபடி எழுத முடிவு செய்யுமுன் மூன்று பகுதிகளின் பர்சன்டைலையும் தனித்தனியே பாருங்கள். கணக்கு மட்டும் குறைந்திருந்தால் நாலைந்து மாதத்தில் சரி செய்துவிடலாம். ஆங்கில வாசிப்புப் பகுதி குறைவு என்றால் அதற்குக் காலம் பிடிக்கும். 2024 தேர்வில் அந்தப் பகுதியின் 24 கேள்விகளில் 16 வாசிப்புப் பத்திகளிலிருந்து வந்தவை. தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு இங்கேதான் இடிக்கும், எனக்கும் இடித்தது. இலக்கணப் புத்தகம் இதற்கு மருந்து ஆகாது. தினமும் இரண்டு நீண்ட கட்டுரைகள், பிடித்ததும் பிடிக்காததுமாக, ஜனவரியிலேயே ஆரம்பித்தால் நவம்பருக்குள் கண் பழகிவிடும். ஆகஸ்டில் ஆரம்பித்தால் பழகாது. தரவு, தர்க்கப் பகுதி மட்டும் குறைந்திருந்தால் எந்தக் கேள்வித் தொகுப்பை எடுப்பது, எதை விடுவது என்ற தேர்வில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். அது மாக் எழுதித்தான் தீரும்.

வழி 3: ஒரு வருடம் டிராப் போடுவது

வேலை எதுவும் பார்க்காமல் ஒரு வருடம் தேர்வுக்கு மட்டுமே படிப்பதுதான் டிராப். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் கருத்து உறுதியானது. கையில் வேலை இருந்தால் விடாதீர்கள்.

மாதம் 35,000 சம்பளத்தில் ஒரு வருட இழப்பு 4.2 லட்சம். கோச்சிங்கும் விண்ணப்பக் கட்டணங்களும் தனி. 2025-ல் கேட் கட்டணம் மட்டும் 2,600 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதில் பாதி. கல்லூரிக்குக் கல்லூரி ஆயிரம், இரண்டாயிரம் என்று அதன்மேல் சேரும். ஆனால் பணத்தைவிடப் பெரிய சிக்கல், கேட் ஒரே நாள், 2 மணி நேரத் தேர்வு. அன்று ஒரு பகுதி சறுக்கினால் அந்த வருடமே போச்சு. வேலையில் இருப்பவருக்கு மறுநாள் திங்கட்கிழமை அலுவலகம் இருக்கிறது. டிராப் போட்டவருக்கு என்ன இருக்கிறது? நேர்முகத்தில் "அந்த ஒரு வருடம் என்ன செய்தீர்கள்" என்ற கேள்வியும் தவறாமல் வரும். பிளேஸ்மெண்ட் சமயத்தில் நிறுவனங்களும் கேட்கும்.

விதிவிலக்கு உண்டு. கல்லூரி முடித்து இன்னும் வேலை கிடைக்காதவர், வேலை தேடிக்கொண்டே படிக்கலாம். இரவு ஷிப்டில் உடம்பு கெட்டுப்போகும் வேலையில் இருப்பவர், முதலில் பகல் நேர வேலைக்கு மாறப் பாருங்கள், சம்பளம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. ஏழெட்டு மாதம் வேலையில் இருந்து, கடைசி ஒரு மாதம் சேர்த்து வைத்த விடுப்பைப் போட்டால் டிராப்பின் பலன் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

வழி 4: டான்செட் எழுதி ஊரோடு படிப்பது

கேட் எழுதியவர்களில் பலர் இதைத் தோல்வி மாதிரி பார்க்கிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வான டான்செட் பெரும்பாலும் மார்ச்சில் வருகிறது, விண்ணப்பம் ஆண்டுத் தொடக்கத்தில். கேட் முடித்த கையோடு எழுதலாம், தனியாகப் பெரிய தயாரிப்பு வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் மேலாண்மைத் துறை, கோவை பிஎஸ்ஜி போன்ற கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு இதுவே வழி. அரசு இடத்தில் கட்டணம் ஐஐஎம் பக்கமே வராது. கடனே வாங்காமல் முடிக்கலாம். மாநில இடஒதுக்கீடு 69 சதவீதம் இங்கே செல்லும்.

குறை என்ன? முதல் சம்பளம் குறைவு. கன்சல்டிங் பக்கம் போவது கடினம். வகுப்பில் உங்களோடு இருப்பவர்களில் பலர் நேராக டிகிரி முடித்து வந்தவர்களாக இருப்பார்கள், ஆகவே ஒருவர் அனுபவத்திலிருந்து ஒருவர் கற்பது குறையும். இடத்தைப் பொறுத்துத் தரம் வெகுவாக மாறும். முதல் பத்துப் பதினைந்து கல்லூரிகளைத் தாண்டினால், வெறும் சான்றிதழுக்காக 2 வருடம் போய்விடும்.

ஆனால் அப்பாவின் தொழிலை எடுத்து நடத்தப் போகிறவர், தமிழ்நாட்டிலேயே வேலை பார்க்க நினைப்பவர், வயதான பெற்றோரைத் தனியே விட முடியாதவர், கடன் என்றாலே வீடு ஆடிப்போகும் நிலையில் இருப்பவர், இவர்களுக்கு 20 லட்சக் கடனோடு வரும் தெரியாத ஊர் ஐஐஎம்மைவிட இது நல்ல தேர்வு. என் சித்தப்பா மகன் கோவையில் இப்படிப் படித்துவிட்டு, திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் சேர்ந்து, மூன்றாவது வருடத்தில் எனக்கு முன்னால் சேமிக்கத் தொடங்கினான். அப்போது நான் இஎம்ஐ கட்டிக்கொண்டிருந்தேன்.

வழி 5: எம்பிஏவை மூன்று நான்கு வருடம் தள்ளிப் போடுவது

கல்லூரி முடித்து இன்னும் 2 வருடம் ஆகாத, வேலை பிடித்திருக்கிற ஆளாக நீங்கள் இருந்தால் இதை யோசியுங்கள். கேட் மதிப்பெண் அந்த ஒரு சேர்க்கை ஆண்டுக்கு மட்டும்தான் செல்லும். ஜிமேட் என்ற சர்வதேச மேலாண்மை நுழைவுத் தேர்வின் மதிப்பெண் 5 வருடம் செல்லும். அதை வைத்து ஹைதராபாத் ஐஎஸ்பி என்ற தனியார் மேலாண்மைக் கல்லூரி, பெரிய ஐஐஎம்களின் ஒரு வருடப் படிப்புகள் ஆகியவற்றுக்கு அனுபவம் சேர்ந்தபின் விண்ணப்பிக்கலாம். படிப்பு ஒரே வருடம் என்பதால் இழக்கும் சம்பளமும் ஒரு வருடத்துக்குத்தான். வேலையை விடவே முடியாதவர்களுக்கு, திருச்சி ஐஐஎம் சென்னையில் நடத்தும் வார இறுதிப் படிப்பு மாதிரியானவையும் இருக்கின்றன.

மறைந்திருக்கும் செலவு, கட்டணம் அதிகம், அந்த வயதில் சம்பளமும் அதிகம் என்பதால் இழப்பும் பெரிது. கல்யாணம், குழந்தை என்று வந்தபின் எத்தனை பேர் உண்மையில் திரும்பப் போகிறார்கள் என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தள்ளிப் போடுவதாகச் சொல்லிவிட்டு மறந்துபோன நண்பர்கள் எனக்கு நிறைய. அது தப்பில்லை, ஆனால் தெரிந்தே செய்ய வேண்டும்.

ஒரே பார்வையில்

மாதம் 35,000 கைக்கு வாங்கும், இரண்டு வருட அனுபவம் உள்ள ஒருவரை வைத்துப் போட்ட கணக்கு:

| வழி | கட்டணம் | இழக்கும் சம்பளம் | கண்ணுக்குத் தெரியாத செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| இந்த ஆண்டே சேர்வது | 15–25 லட்சம் | 8.4 லட்சம் | படிக்கும்போது ஏறும் வட்டி | மதிப்பெண் இதற்கு மேல் ஏறாது என்பவர், வேலையில் தேங்கியவர் |
| வேலையோடு மறுபடி | இப்போதைக்கு சில ஆயிரம் | இல்லை | தூக்கம், ஞாயிறுகள், வீட்டுப் பேச்சு | ஒரு பகுதி மட்டும் சறுக்கியவர், அனுபவம் குறைந்தவர் |
| டிராப் | சில ஆயிரம், கோச்சிங் தனி | 4.2 லட்சம் | ஒரே நாளை நம்பியிருப்பது | வேலை இன்னும் கிடைக்காதவர் மட்டும் |
| டான்செட் | மிகக் குறைவு | 8.4 லட்சம் | முதல் சம்பளம் குறைவு | ஊரோடு இருக்க வேண்டியவர், கடன் தாங்காதவர் |
| தள்ளிப் போடுவது | பின்னால், அதிகம் | பின்னால், ஒரு வருடம் | போகாமலே விட்டுவிடுவது | வேலை பிடித்த இளையவர் |

சீட்டைப் பிடிக்கக் கட்டும் பணம்

எந்த வழியை எடுத்தாலும் இது குறுக்கே வரும். முதல் முறை எழுதிய வருடம், ஐஐஎம் முடிவுகள் வருவதற்கு வெகு முன்பே ஒரு தனியார் கல்லூரி எனக்கு இடம் தந்து, 5 நாளில் 50,000 கட்டச் சொன்னது. அம்மா கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தார். பின்னர் அங்கே சேர வேண்டாம் என்று முடிவு செய்தபோது, பணத்தைத் திரும்ப வாங்க 11 மாதம் ஆனது. எத்தனை மின்னஞ்சல், எத்தனை தொலைபேசி. சங்கிலிக்கு வட்டி கட்டியது தனிக்கதை.

அப்போது எனக்குத் தெரியாத விதி ஒன்று. ஏஐசிடிஇ (தொழில்நுட்ப, மேலாண்மைக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பு) அங்கீகாரத்தில் நடக்கும் கல்லூரியில், வகுப்பு தொடங்குமுன் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதி முழுவதையும் திருப்பித் தர வேண்டும். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கவும் கூடாது. ஐஐஎம்கள் இந்த விதிக்குள் வராது, அவற்றின் சேர்க்கைக் கடிதத்தில் எவ்வளவு திரும்ப வரும் என்று தனியே எழுதியிருக்கும். கட்டுமுன் அந்தப் பத்தியைப் படித்து, ஒரு நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "இன்னைக்கே கட்டலைன்னா சீட் போயிடும்" என்று போனில் அவசரப்படுத்தினால், அதையே மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். பல நேரம் அவசரம் அதோடு தணிந்துவிடும்.

ரிசல்ட் வரும்வரை

எம்பிஏவுக்கான இன்னொரு நுழைவுத் தேர்வான எக்ஸ்ஏடி (XAT) வழக்கமாக ஜனவரி முதல் ஞாயிறு ஒட்டி வருகிறது. விண்ணப்பித்திருந்தால் கேட் எப்படிப் போனாலும் அதை எழுதுங்கள், சூடு ஆறுமுன் எழுதும் தேர்வு அது. சொந்த ஊரில் என்ன விளைகிறது, எது எங்கே விலை போகிறது, அப்பா அம்மா வேலையின் உள்விவரம் என்ன, உங்கள் நிறுவனம் எதில் பணம் சம்பாதிக்கிறது, இந்த நான்கையும் இப்போதே கேட்டு வையுங்கள்.

அப்புறம் சான்றிதழ். நம் ஊரில் இதில் தடுமாறுகிறவர்கள் அதிகம். தமிழ்நாட்டில் பிசி, எம்பிசி என்று வாங்கிய சாதிச் சான்றிதழ் ஐஐஎம்களில் செல்லாது. மத்திய அரசின் ஓபிசி பட்டியலில் உங்கள் சாதி இருக்க வேண்டும். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதிகளும் அதில் இல்லை. இருந்தால், கிரீமி லேயருக்குள் (ஓபிசியில் வசதி படைத்தவர்கள் என்று இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கப்பட்ட பிரிவு) வரவில்லை என்ற மத்திய அரசுப் படிவச் சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துத் தாசில்தார் அலுவலகம் மூலம் வாங்க வேண்டும். சேர்க்கையின்போது அந்த நிதியாண்டுக்குரிய புதிய சான்றிதழைக் கேட்பார்கள், ஆகவே ஏப்ரல் பிறந்ததும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். கேட் பதிவின்போது பொதுப் பிரிவு என்று போட்டுவிட்டால் பிறகு மாற்ற முடியாது. சாத்தூர்ப் பெண் அப்படித்தான் போட்டிருந்தாள். அவள் அடுத்த நவம்பரில் வேலையில் இருந்துகொண்டே மறுபடி எழுதுகிறாள். இப்போதே இ-சேவைக்குப் போய் என்னென்ன ஆவணம் வேண்டும் என்று கேட்டு எழுதி வந்திருக்கிறாள்.